நாலாம் நம்பர் வீட்டு வெயில்

அந்த மலையில மழை பிடிச்சுதுன்னா ஆனியில ஆரம்பிச்சு ஐப்பசி வரைக்கும் விடாது. துவைச்ச துணி கொடியிலயே பாசி பிடிக்கும், தீக்குச்சியை உரசுனா மருந்து மட்டும் வழிச்சுக்கிட்டு வரும், உப்பு ஜாடியில தண்ணி நிக்கும், மாவாட்டி வச்சா வச்சது வச்சபடி கிடக்குமே ஒழிய புளிக்கவே புளிக்காது, அதனால எஸ்டேட்டு சனம் மழைக்காலம் முழுக்க இட்லியைப் பத்திப் பேசிக்கிட்டே கஞ்சியைக் குடிச்சுக்கிட்டு இருக்கும். அப்பேர்ப்பட்ட மழையில, ஊசிப்பாறை எஸ்டேட்டு கீழ் லைன்ல, பன்னெண்டு வீடும் ஒட்டி நிக்கிற வரிசையில, நாலாம் நம்பர் வீட்டுக்குள்ள மட்டும் வெயில் அடிக்க ஆரம்பிச்சது, சவரிமுத்து தன் மக விட்டுட்டுப் போன லேப்டாப்புக்குக் கம்பளி போத்துன மறுநாள்தான்.

அந்த லேப்டாப்பு மக பன்னெண்டாவது படிக்கையில கவர்மெண்டு குடுத்தது. அவ கல்யாணமாகிக் கோயமுத்தூர் பக்கம் போன பிறகு, பீரோ மேல குழந்தை ஏசு படத்துக்குப் பக்கத்துல மூடுன மேனிக்கு அது கிடந்துச்சு, ரெண்டுக்கும் சேத்துத்தான் லூர்துமேரி தூசி தட்டுவா. லூர்துமேரி சவரியோட பொண்டாட்டி, கொழுந்து பறிக்கிறவ. அவளோட தம்பி டெனிஸ் திருப்பூர்ல ஒரு கம்ப்யூட்டர் கடையில வேலை பாத்தான். கோயில் திருவிழாவுக்கு வந்தவன் கறிசோறு தின்னுட்டு அண்ணாந்து படுக்கையில அதைப் பாத்துட்டான்.

"ஏன் அத்தான் இதைச் சும்மா போட்டு வச்சிருக்கீய? மைனிங் போட்டு விட்டா அதுபாட்டுக்குக் காசு எடுக்கும்லா."

"என்ன காசு?"

"கிரிப்டோ. கையில பிடிக்க முடியாது. ஆனா காசு."

"எங்க இருந்து எடுக்கும்?"

"எங்கயும் போய் எடுக்காது. கணக்குப் போடும். உலகம் பூராவும் எத்தனையோ மெசினு ஒரே கணக்கைப் போட்டி போட்டுப் போடும். யாரு மொதல்ல முடிக்காங்களோ அவங்களுக்குக் காசு."

அடுப்படியில இருந்து லூர்து தலையை நீட்டுனா. "யாரோட கணக்குடா?"

"அது யாருக்கும் தெரியாதுக்கா."

"போட்டு முடிச்சா யாருக்கு என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது."

"அப்ப நம்ம சூப்பர்வைசர் பாக்குற வேலைதான்னு சொல்லு."

சவரி சிரிக்கல. அவன் டீ பேக்டரியில அடுப்புக்கு விறகு போடுறவன், இன்னும் கொஞ்ச காலத்துல ரிட்டயர்டு ஆனா கம்பெனி வீட்டைக் காலி பண்ணணும், காலி பண்ணி எங்க போறதுங்கிற கேள்வி சோத்துல கல்லு மாதிரி அவன் வாயில எப்பவும் கிடக்கும். கீழ சமவெளியில ஒரு துண்டு நிலம், அதுல ஒரு ஓட்டு வீடு, வேற ஒண்ணும் அவன் கேக்கல. டெனிஸ் நெட்ல ஃப்ரீயா கிடைச்ச ஏதோ ஒரு சாப்ட்வேரை இறக்கி, நாலு தடவை தட்டி, "கொஞ்சம் சூடாகும், கண்டுக்காதீய"ன்னு சொல்லிட்டு மத்தியான பஸ்ஸைப் பிடிச்சான்.

மெசினு ஓடுச்சு. ஓடுச்சுன்னா, இழுப்பு வந்த கிழவன் மாதிரி உஸ்ஸு உஸ்ஸுன்னு இரைச்சுக்கிட்டே ஓடுச்சு. அந்த மலையில வேண்டியது எதுவானாலும் போத்தித்தான் வைப்பாங்க, மாவுப் பானையில இருந்து அடைகாக்குற கோழி, ரேடியோ வரைக்கும். சவரிக்கும் அதுதான் தோணுச்சு, பாவம் குளிர் தாங்காமத்தான் இரைக்குதுன்னு. கம்பெனி கொழுந்துக்காரங்களுக்கு வருசா வருசம் ஒரு கம்பளி குடுக்கும், புதுக் கம்பளி குத்தும்னுட்டு, லூர்து மழையில போத்திப் போத்தி அவ உடம்பாவே ஆகிப்போன பழைய கம்பளியை எடுத்து, மெசினு மேல நல்லா இழுத்துப் போத்தி, ஓரத்தை எல்லாம் சொருகி விட்டான்.

காலையில பக்கத்து வீட்டுக் குருசம்மா வந்து வாசல்ல நின்னா. அவளுக்கும் இவங்களுக்கும் நடுவுல ஒரே செவரு.

"ஏ சவரி, என்னத்தைப் போட்டு எரிக்கீய? செவரு சுடுது."

"ஒண்ணும் எரிக்கல மதினி. மெசினு ஓடுது."

"ஓடட்டும் ஓடட்டும்"னு சொல்லிட்டுப் போனவ, தன்னோட ஈரச் சேலை அஞ்சையும் செவத்துல ஒட்டுனாப்புல தொங்க விட்டா. கஞ்சி குடிச்சு முடிக்குறதுக்குள்ள எல்லாம் காஞ்சு மொரமொரன்னு நின்னுச்சு.

சாயங்காலம் பாத்தா நாலாம் நம்பர் வீட்டுக்குள்ள வெயில் அடிக்குது. கூரையில ஓட்டை இல்ல, ஜன்னல் சாத்திக் கிடக்கு, வெளிய மழை கொட்டுது, உள்ள மஞ்ச வெயில் தரையில விழுந்து, பானைக்கும் பெஞ்சுக்கும் நிழலு நிக்குது. லூர்து அதைப் பாத்துட்டு, "நல்லதாப் போச்சு, மல்லி காய வைக்கணும்"னு சொல்லி மொறத்தை எடுத்துட்டு வந்தா.

அந்த லைன்ல ஒரு வழக்கம் உண்டு. மழைக்காலத்துல எவ அடுப்புல கங்கு இருக்கோ அங்க போய் நெருப்புக் கேட்டா, இல்லன்னு சொல்லக் கூடாது. பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திகளா இருந்தாலும், கோர்ட்டுல கேஸ் நடக்குற அண்ணன் தம்பியா இருந்தாலும், நெருப்புக் கேட்டு வந்தவங்களை வாசல்ல நிக்க விடக் கூடாது. இப்ப இந்த வெயிலு அந்தக் கணக்குல வருமா வராதான்னு பைப்படியில ஒரு வாக்குவாதம் வந்து, யூனியன் தலைவர் பொன்னுச்சாமி துண்டை உதறித் தோள்ல போட்டுத் தீர்ப்புச் சொன்னாரு: "சுடுதா? சுடுது. அப்ப நெருப்பு."

அப்புறம் நாலாம் நம்பர் வீட்டுக் கதவு சாத்தவே இல்ல. மாவுப் பானைங்க வந்துச்சு, வந்து வரிசையா உக்காந்து பொங்கி வழிஞ்சுச்சு, கீழ் லைன் பூராவும் ஆடி மாசத்துல இட்லி தின்னுச்சு. அப்பளம் வந்துச்சு, வத்தல் வந்துச்சு, தீப்பெட்டிங்க வெயில்ல மல்லாந்து படுத்துச்சு, கூழாகிக் கிடந்த முட்டையில இருந்து கூடக் குஞ்சு பொரிச்சுது, முழங்கால் மடங்காத கிழடுங்க சாயங்காலமானா வந்து கால் நீட்டி உக்காந்து, எழுந்து போகையில படியைத் தாண்டிக் குதிச்சுப் போச்சுங்க, வீட்டுக்குள்ள கொடி கட்டி அந்தக் கொடியை வெளிய இழுத்து ஒண்ணாம் நம்பர்ல இருந்து பன்னெண்டாம் நம்பர் வரைக்கும் துணியாத் தொங்குச்சு, அதுல ஒண்ணு கூட நனையல. பங்குச் சாமியார் வீடு மந்திரிக்க வந்தவரு அங்கியோட ஓரத்தைக் காய வச்சுக்கிட்டே, ஆண்டவர் குடுக்குறதை விசாரிக்கக் கூடாதுன்னு சொல்லி, நமுத்துப் போன பீட மெழுகுவத்தியை ஒரு பெட்டி குடுத்து அனுப்புனாரு. அதெல்லாம் வளைஞ்சு கொக்கி மாதிரி ஆனதும் பேசாம வாங்கிட்டுப் போயிட்டாரு.

இந்தச் சந்தோசத்துக்கு நடுவுல லூர்துக்குச் சூடு குறைஞ்சுக்கிட்டு வந்துச்சு.

மொதல்ல டீயிலதான் தெரிஞ்சுது. கொதிக்கக் கொதிக்க ஆத்திக் குடுத்த டீ, அவ தம்ளரைக் கையில வாங்குனதும் பச்சைத் தண்ணி ஆகிப்போகும். அப்புறம் ஒரு நாள் பெரட்டுல, அதாவது காலையில பேர் கூப்பிடுற எடத்துல, பொம்பளைங்க எல்லாம் கூடையோட வரிசையில நிக்காங்க, குளிருக்கு ஒவ்வொருத்தி வாயில இருந்தும் புகை போகுது, லூர்து "உள்ளேன்"னு சொல்றா, அவ வாயில இருந்து புகை வரல. சூப்பர்வைசர் ஆளு வரலன்னு அரை நாள் கட் பண்ணிட்டான்.

சவரி அவளை டிஸ்பென்சரிக்குக் கூட்டிட்டுப் போனான். கம்பவுண்டர் தெர்மாமீட்டரை அவ அக்குள்ள வச்சாரு. எடுத்துப் பாத்தாரு. உதறுனாரு. மறுபடி வச்சாரு. தன்னோட அக்குள்ள வச்சுப் பாத்தாரு.

"தெர்மாமீட்டரு நல்லாத்தாம்மா இருக்கு. உனக்குத்தான் ஒண்ணுமே காட்டல."

"ஒண்ணுமேன்னா?"

"காய்ச்சல் இல்லைன்னு அர்த்தம்"னு சொல்லி, இருந்த மாத்திரையில ரெண்டைக் குடுத்தாரு. அது காய்ச்சல் மாத்திரை.

திரும்பி வர்ற வழியில சவரி அவ கையைப் பிடிச்சான். ஆத்துல இருந்து எடுத்த கூழாங்கல்லு மாதிரி இருந்துச்சு. அவனுக்கு அந்த எடத்துல, நடுப்பாதையில, எல்லாம் விளங்கிப் போச்சு. மெசினு மேல கிடக்குறது யாரோட கம்பளி, கீழ் லைன் பூராவும் காயுறது யாரோட சூட்டுலன்னு.

"குளுருதா புள்ள?"

"குளுரவே இல்லங்க. அதான் எனக்கும் ஒரு மாதிரியா இருக்கு."

குளுருறதுக்கும் உடம்புல கொஞ்சம் சூடு வேணும்லா. அவன் கிட்டத்தட்ட ஓடிப்போய் வீட்டுக்குள்ள நுழைஞ்சு சுவிட்சுல கையை வச்சான்.

மெசினுக்குப் பக்கத்துல ஒரு மூங்கில் கூடை இருந்துச்சு. கூடைக்குள்ள பஞ்சு, பஞ்சுக்குள்ள ஒரு பிள்ளை. குருசம்மா மக விமலா அன்னைக்குத்தான், ஏழு மாசத்துலயே பெத்துட்டா. ரோட்டுல மண்ணு சரிஞ்சு வண்டி ஒண்ணும் ஏறல இறங்கல. பிள்ளை ஒரு கை நீளம் கூட இல்ல, தோலு வழியா உள்ள ரத்தம் ஓடுறது தெரியுது. குருசம்மா எழுந்திரிக்கல. உக்காந்த மேனிக்கு அவன் கையைப் பாத்தா, சுவிட்சைப் பாத்தா.

"நெருப்புக் கேட்டு வந்திருக்கேன் சவரி. கேட்டு உக்காந்திருக்கேன்."

"மதினி, லூர்து..."

"தெரியும்."

அவளுக்குத் தெரிஞ்சிருக்குங்கிறதுதான் அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. எல்லாருக்கும் தெரிஞ்சுதான் இருந்துச்சு. டீ ஆறுறதைப் பாத்தவங்கதான, பெரட்டுல பக்கத்துல நின்னவங்கதான. லூர்து பின்னால வந்து நின்னு, "விடுங்க, பச்சைப் பிள்ளை"ன்னா. அவன் கையை எடுத்துட்டான்.

ரோட்டைச் சரி பண்ணி, ஜீப்பு வந்து, பிள்ளை கூடையோட கீழ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போச்சு. லைன் மொத்தமும் வாசல்ல நின்னு சிலுவை போட்டு அனுப்பி வச்சாங்க. ஜீப்பு வளைவுல மறைஞ்சதும் சவரி திரும்பிப் பாத்தான், இனி மெசினை நிறுத்திரலாம்னு யாராவது ஒருத்தர் சொல்லுவாங்கன்னு. ஒருத்தரும் வாய் திறக்கல. கெட்டவங்க இல்ல அவங்க, லூர்துக்கு ரசம் வச்சுக் குடுத்தவங்க, கால் அமுக்கி விட்டவங்க. ஆனா ஒருத்திக்கு மாவு பாதி புளிச்சிருந்துச்சு, ஒருத்தி மக கோயில்ல முதல் நன்மை வாங்குற நாள் வருது, வெள்ளைக் கவுனு காயணும். பொன்னுச்சாமி மட்டும் தொண்டையைக் கனைச்சாரு.

"இது தனியாளா முடிவு பண்ற விசயம் இல்ல சவரி. பொதுக்குழுவைக் கூட்டணும். ஞாயித்துக்கிழமை பூசைக்கப்புறம் வச்சுக்குவோம். அதுவரைக்கும் தங்கச்சி நல்லா போத்திக்கட்டும்."

ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்கு ஆளு பத்தல, கோரம் இல்லன்னு தள்ளி வச்சாங்க.

சவரி அப்பவே பிடுங்கி எறிஞ்சிருக்கலாம். ஏன் எறியலன்னா, டெனிஸ் போன்ல சொல்லிட்டான்: "அத்தான், இப்ப நிறுத்திராதீய. ஒரு அளவு சேந்தாத்தான் கையில குடுப்பாங்க, அதுக்குக் கீழ இருந்தா எல்லாம் போயிரும். நாம பக்கத்துல வந்துட்டோம்." இம்புட்டு சூட்டையும் குடுத்தப்புறம் வெறுங்கையா விடுறதான்னு அவன் யோசிச்சான். கிடைக்கிற காசுல அவளைக் கீழ வெயிலுக்கே கூட்டிட்டுப் போயிரலாம்னு சமாதானம் பண்ணிக்கிட்டான். அந்தச் சமாதானத்துல உக்காந்திருந்த நாள்ல, ஐஸ் போட்ட தம்ளர் மாதிரி லூர்து உடம்பு பூரா வேர்த்துத் துளித்துளியாத் தண்ணி நின்னுச்சு, புருவத்துல, மேல் உதட்டுல, தாலியில. அவ பேச்சு மெதுவாச்சு. பூனை அவ மடியில இருந்து எழுந்து போய் மெசினு பக்கத்துல படுத்துக்கிச்சு.

டெனிஸ் மறுபடி கூப்பிட்டான்.

"அத்தான், திட்டக் கூடாது."

"சொல்லு."

"அந்த சாப்ட்வேரு ஃப்ரீயா கிடைக்கையிலயே நான் யோசிச்சிருக்கணும். அதுக்குள்ள வேற ஒருத்தன் இருந்திருக்கான். நம்ம மெசினு எடுத்ததெல்லாம் அவன் கணக்குக்குப் போயிருக்கு."

"யாருல அவன்?"

"தெரியாது அத்தான். எந்த நாட்டுக்காரனோ."

"நமக்கு?"

"இருக்கு, இல்லாம இல்ல. ஒரு டீயும் பன்னும் சாப்பிடலாம். ஆனா அதை வெளிய எடுக்க அவங்க பிடிக்கிற கமிசன் அதைவிட ஜாஸ்தி."

சவரி போனைக் கீழ வச்சான். எங்கயோ பனி பெய்யுற ஊருல, எவனோ ஒருத்தன், இன்னைக்கு ஏன் சொட்டர் வேண்டாம்னு தோணுதுன்னு தெரியாம, லூர்துமேரியோட சூட்டுல உக்காந்து டீ குடிச்சுக்கிட்டு இருப்பான். அவன் மேல கோவப்படக் கூட ஒரு மூஞ்சி இல்ல.

வயரைப் பிடுங்குனான். மெசினு நிக்கல, இரைச்சுக்கிட்டே இருந்துச்சு. கம்பளியை உருவுனான். அடியில பேட்டரி பூரி மாதிரி உப்பி, மூடியைப் பிளந்துக்கிட்டு நின்னுச்சு. ரெண்டு கையிலயும் தூக்குனான், உள்ளங்கை பொரிஞ்சுது, விடல. வாசல்ல லைன் மொத்தமும் நின்னுச்சு. "நாளைக்கு வரைக்கும் இருக்கட்டுமே சவரி"ன்னாங்க, "கவுனு காயட்டும்"னாங்க, சொல்லிக்கிட்டே வழியும் விட்டாங்க. நேரா துவைக்கிற கல்லுக்குப் போய், ஓங்கி ஒரே அடி. அது சீறுச்சு, நீலமா ஒரு சுவாலை ஆளுயரம் எழும்புச்சு, நெஞ்சைக் கரிக்கிற வெள்ளைப் புகை வந்துச்சு, அப்புறம் மழை அதைச் சாதாரணமா அணைச்சுட்டுப் போச்சு.

வீட்டுக்குள்ள வெயில் நின்னுருச்சு. பொங்கி இருந்த மாவெல்லாம் பொத்துனு கீழ இறங்குச்சு, பன்னெண்டு வீட்டுத் துணியும் ஒரே நேரத்துல நனைஞ்சுச்சு.

ஆனா லூர்துக்குச் சூடு திரும்பல. கரண்டு போய் வர்ற மாதிரி வந்துரும்னு அவன் நினைச்சிருந்தான். கம்பளியைச் சுத்துனான், மொளகுக் கசாயம் குடுத்தான், கசாயம் அவ தொண்டைக்குப் போறதுக்குள்ள ஆறிப்போச்சு. கடைசியில, கொப்புளம் வெடிச்ச கையோட, வீடு வீடாப் போய் நின்னான்.

"நெருப்புக் கேட்டு வந்திருக்கேன்."

யாரும் இல்லன்னு சொல்லல. பொன்னுச்சாமி நாலாம் நம்பர் வெயில்ல காய வச்ச காலுறையைக் கழட்டிக் குடுத்தாரு, அது அப்பவே ஈரம். ஒருத்தி கல்லுல இருந்து எடுத்த தோசையைக் குடுத்தா, ஒருத்தி அழுதுக்கிட்டே கோழிக்குஞ்சைக் கொண்டாந்து லூர்து மடியில விட்டா, அது ஒரு நொடி நிக்காம ஓடிருச்சு. குருசம்மா கதவுல சாஞ்சு நின்னா.

"நான் எடுத்தது என் பேரனோட கீழ போயிருச்சு சவரி. போன் வந்துச்சு, பாலு குடிக்கானாம். போய்த் திருப்பிக் கேப்பியா?"

அவன் கேக்க மாட்டான்னு அவளுக்கும் தெரியும்.

ரோட்டுல மறுபடி மண்ணு சரிஞ்சிருந்துச்சு. கீழ வெயில் இருக்கு, நிஜ வெயிலு, யாருகிட்டயும் எடுக்காத வெயிலு. சவரி அவளை முதுகுல ஏத்தி, மழை படாம மேல தார்ப்பாய் மாதிரி படங்குத் தாளைச் சுத்தி, தேயிலைக்கு நடுவுல குறுக்குப் பாதையில இறங்குனான்.

"கழுதை மாதிரி மூச்சு வாங்குறீய."

"நீ கனக்குற."

"ரேசன் மூட்டையை... என்னைத்தான தூக்க விட்டீய."

"பேசாம வா புள்ள."

"பேசலன்னா... நீய பயப்படுவீயள்லா."

அதுக்கப்புறம் அவ பேசல. அவன் கூப்பிட்டுக்கிட்டே போனான், லூர்து, ஏ லூர்து, மேரி, புள்ளன்னு, என்னென்ன பேரு சொல்லி இந்த ஆயுசுல கூப்பிட்டிருக்கானோ அத்தனையும் சொல்லி. மலையடிவாரத்து செக்போஸ்டுக்கு இன்னும் பாதி தூரம் இருக்கையில முழங்கால் ரெண்டும் மடங்கிப்போய், ஒரு சில்வர் ஓக் மரத்தடியில அவளை இறக்கிச் சாய்ச்சு வச்சான்.

அங்க அட்டைக் காடு. அட்டை உடம்புச் சூட்டைப் பாத்துத்தான் வரும், கல்லு மேலயும் கட்டை மேலயும் ஏறாது. நாலா பக்கமும் இலையில இருந்து தலையைத் தூக்கி, ஆடி ஆடி, எல்லாம் சவரியைப் பாத்து வந்துச்சு. அவன் கணுக்கால்ல, முட்டியில, கழுத்துல ஏறுச்சு. லூர்து காலுக்கு மேலயே சில ஊர்ந்து வந்துச்சு, வேரைத் தாண்டுற மாதிரி அதைத் தாண்டி அவன்கிட்டதான் வந்துச்சு. அவன் தன் கால்ல இருந்து ஒண்ணைப் பிய்ச்சு அவ பாதத்துல வச்சான். அது உருண்டு விழுந்துச்சு. இன்னொண்ணை வச்சான். விழுந்துச்சு. அவ பாதத்தை ரெண்டு புண்ணுக் கைக்கும் நடுவுல வச்சுத் தேய்ச்சான், வாயை வச்சு ஊதுனான், ஆண்டவரையும் டெனிஸையும் மாத்தி மாத்தித் திட்டுனான், தேய்ச்சான், மறுபடி ஒண்ணை எடுத்து வச்சான்.

அது விழல. பெருவிரல் பக்கமா ஊர்ந்துச்சு. நின்னு தலையைத் தூக்கித் தேடுச்சு. ரெண்டு விரலுக்கு நடுவுல போய்க் குனிஞ்சு, ஒட்டிக்கிச்சு.

சவரி குனிஞ்சு பாத்தான். நூலு மாதிரி இருந்தது கொஞ்சம் கொஞ்சமா, ரொம்ப மெதுவா, தடிக்க ஆரம்பிச்சுது.

"ஏங்க," கண்ணைத் திறக்காம லூர்து சொன்னா, "கால்ல என்னமோ கடிக்குது. எடுத்து விடுங்களேன்."

அவன் மழை படாம அது மேல கையைக் குடையாப் பிடிச்சான்.

"இருக்கட்டும் புள்ள. குடிக்கட்டும்."